மாடியில் முப்பத்தொரு மரங்களும் ஒரு தேசிய அமைப்பும்

"வா… வா… இன்னும் வா… போதும், நிறுத்து!"

திருச்செங்கோட்டில் பாவாயி அம்மாள் வீட்டு வாசலில் ஒரு மூடிய வேன் பின்பக்கமாக வந்து நின்றது. பங்குனி வெயில் காலை பத்து மணிக்கே தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். உள்ளே அடுக்கடுக்காக மரத்தட்டுகள். ஒவ்வொரு தட்டுக்கும் பஞ்சுத் திண்டு, நைலான் பட்டை. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஓர் எண். ஒன்று முதல் முப்பத்தொன்று வரை.

மாடியில் இருந்த போன்சாய் மரங்களும் முப்பத்தொன்றுதான்.

பாவாயி அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒருமுறை நின்று நின்று, கீழே இறங்கி வந்தார். வேனுக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு திண்டை அழுத்திப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நல்லாப் பதனமாத்தான் பண்ணியிருக்காங்க. போன தடவ கண்காட்சிக்குப் போனப்ப அத்திக்கு ஒரு கெளை ஒடிஞ்சு போச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க சார், எப்பங்க திரும்பி வரும்?"

முப்பது ஆண்டுகளுக்கு மேல் சங்கங்கள் பதிவுப் பிரிவில் உட்கார்ந்து, கவுன்ட்டருக்கு வெளியிலிருந்து வந்த எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொன்னவன் நான். தெரியாத கேள்விக்குக்கூட, "மனுவாகக் கொடுங்கள்" என்று ஒரு பதில் கைவசம் இருந்தது. அன்று பதினேழாம் எண் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மரங்கள் திரும்பி வராது. ஊட்டிக்குப் போகின்றன, அங்கேயே இருக்கப்போகின்றன. அதற்கு அனுமதி கொடுக்கும் போன்சாய்க் கழகக் கூட்டத்துக்குத் தலைவர் நான். வேனை வரச்சொல்லிக் கடிதம் எழுதியதும் நான்தான். அவருக்குச் சொல்லாமல் விட்டதும் நான்தான். அவர் உறுப்பினர் இல்லையே. அறிவிப்பு அனுப்ப விதியில் இடமில்லை.

ஏழாவது கையெழுத்து

பாவாயி அம்மாளின் கணவர் அர்த்தநாரியை நான் முதலில் பார்த்தது என் மேசைக்கு எதிரே. அவருக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஒன்று சொந்தம். நாடு முழுவதும் பாறையைக் குடைந்துவிட்டு ஊர் திரும்பும்போது, மற்ற ரிக்காரர்கள் புடவையும் இனிப்பும் வாங்கி வருவார்கள். இவர் பாழடைந்த சுவர் வெடிப்பிலிருந்து பிடுங்கிய இச்சிக் கன்றை ஈரச்சாக்கில் சுற்றி, லாரி கேபினில் மடிமேல் வைத்துக்கொண்டு வருவார்.

துளை போடும்போது வெளியே பீய்ச்சியடிக்கும் கல்பொடியைச் சலித்து, அதில்தான் மரம் வைப்பார். போன்சாய்க்கென்று கடல் கடந்து வரும் மண் ஒன்று உண்டு. புத்தகங்கள் எல்லாம் அதைத்தான் சொல்லும். அர்த்தநாரி அந்தப் பையின் படத்தைப் பார்த்துவிட்டு, "நாம அறநூறு அடிக்குக் கீழ இருந்து எடுக்கறமுங்க. அவிய மேலாப்புல சொரண்டறாங்க" என்றார்.

அவர் சங்கம் பதிவுசெய்ய வந்த அன்று ஒரு துண்டில் மூடி எதையோ என் மேசைமேல் வைத்தார். துண்டை எடுத்தால் ஒரு சாண் உயரத்தில் முழு ஆலமரம், விழுதுகளோடு. என் அலுவலகத்தில் மேசைக்கு வந்த பொருள்களில் சட்டைப்பைக்குள் போகாதது அது ஒன்றுதான்.

"ஏழு பேரு கையெழுத்து வேணுமாமுங்க. நாங்க ஆறு பேருதான் இருக்கறோம். ஏழாவதா இத வெச்சுக்கலாமுங்களா?"

"மரம் கையெழுத்துப் போடாது."

"அப்ப எங்கூட்டுக்காரியப் போட்டுக்கறேனுங்க. தண்ணி ஊத்தறது அவதான்."

ஒரே கதவிலக்கத்தில் இரண்டு பேர் இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது, வேறு ஆள் பாருங்கள் என்றேன். சட்டத்தில் அப்படி ஒரு தடையும் கிடையாது. என் அழகுணர்ச்சியில்தான் இருந்தது. குமாரபாளையத்தில் தறி வைத்திருக்கும் லோகநாதன் ஏழாவது கையெழுத்தானார். அர்த்தநாரியின் வீடே பதிவு அலுவலகமாயிற்று. பாவாயி அம்மாள் அந்தக் கழகத்துக்குத் தேநீர் கொடுப்பவராக ஆனார்.

ஓய்வுபெற்ற பிறகு நானே அதில் உறுப்பினரானேன். சேலத்தில் என் வீட்டு பால்கனியில் மூன்று மரங்கள் வளர்த்து, மூன்றையும் கொன்றேன். அதனால் என்னைத் தலைவராக்கினார்கள்.

எத்தனை 'ஒரே' அமைப்புகள்

இந்த நாட்டில் போன்சாய் வளர்ப்பவர்களுக்கு ஒரே ஒரு தேசிய அமைப்பு வேண்டுமா? என்னைக் கேட்டால், அந்தக் காலை வரையில், வேண்டும் என்றே சொல்லியிருப்பேன்.

ஏற்கெனவே மூன்று இருந்தன. மூன்றும் தங்களை 'ஒரே தேசிய அமைப்பு' என்றே அச்சடித்துக்கொண்டன. லோகநாதன் பதினைந்து ஆண்டு வளர்த்த புளியை ஒரு கண்காட்சிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அவர் கையிலிருந்த சான்றிதழ் இன்னொரு 'ஒரே' அமைப்பினுடையது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழியில் சோதனைச்சாவடியில் வேறு, காட்டில் பிடுங்கியதா என்று கேட்டு ஒரு பகல் முழுக்க வெயிலில் நிறுத்தினார்கள். எல்லோரும் ஏற்கும் ஓர் அட்டை இருந்திருந்தால் அந்த மரத்தின் உச்சி கருகியிருக்காது. இதைவிட நல்ல காரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

பணியில் இருந்தபோது பந்தயப் புறா வளர்ப்போர் இரண்டு கோஷ்டியாக என்னிடம் வருவார்கள். இரண்டு கோஷ்டிக்கும் பெயரில் 'அகில இந்திய' வேண்டும். உறுப்பினர் பட்டியலைப் பார்த்தால் அகில இந்தியாவும் செவ்வாய்ப்பேட்டையில் இரண்டு தெருவுக்குள் அடங்கிவிடும். கடைசியில், 'ஒருங்கிணைந்த' என்று ஒரு மூன்றாவது கோஷ்டி வந்தது. அதற்கும் எண் கொடுத்தேன். நடைமுறை சரியாக இருந்தால் எண் கொடுக்க வேண்டியதுதான்.

ஆகவே, பெங்களூரிலிருந்து விஸ்வநாத் என்பவர் வந்து, மூன்றையும் கலைத்து ஒன்றாக்கப்போகிறோம், ஊர்க் கழகங்கள் எல்லாம் அதில் இணையவேண்டும் என்றபோது நான் சிரிக்கவில்லை. அவர் அந்தப் புதிய அமைப்பின் செயலாளர். பெங்களூரில் பிறந்த தமிழர், மென்மையாகப் பேசுபவர், கொண்டுவந்த காகிதங்களை நேர்க்கோட்டில் அடுக்கி வைப்பவர். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. இணைப்புத் தீர்மானத்தின் வரைவைப் பதினோரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "சார், நீங்கதான் எங்களுக்கு நேஷனல் லெவல்ல சட்ட ஆலோசகர்" என்றார்.

அன்று மாலை பேருந்தில் சேலம் திரும்பும்போது, முகவரி அட்டையில் அந்தப் பதவி ஒரு வரியில் அடங்குமா, இரண்டு வரி வேண்டுமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். இரண்டு வரி.

விஸ்வநாத்தின் அமைப்பு ஊட்டியில் ஒரு தேசியப் போன்சாய்த் தோட்டம் திறந்திருந்தது. அர்த்தநாரியின் மரங்கள் அதற்கு வேண்டும். அவை கழகத்தின் பெயரில் இருந்தன. அவர் காலமாவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, கண்காட்சிகளில் வைக்க வசதியாக இருக்கும் என்று அப்படி மாற்றிக் கொடுத்திருந்தார். தமக்குப் பின் அவை எங்கே போகவேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அது நடவடிக்கைக் குறிப்பேட்டில் தெளிவாக இருந்தது. ஆகையால் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. 'பொதுக்குழு ஒப்புதலுக்கு உட்பட்டு' வேன் வரலாம் என்று எழுதினேன். அந்த மூன்று சொற்கள் பக்கத்தில் இருந்தால் எதையும் செய்யலாம் என்பது என் பணிக்கால அனுபவம்.

ரிக் ஷெட்டில் பதினாறு நாற்காலி

கூட்டம் வீட்டை ஒட்டிய ஷெட்டில். ரிக் லாரி விற்றாகிவிட்டது. தரையில் எண்ணெய்க் கறை மட்டும் லாரியின் நீள அகலத்தில் இருந்தது. அதன்மேல் பதினாறு நாற்காலிகள். இணைப்புக்கு வந்திருப்போரில் நான்கில் மூன்று பங்கு, அதாவது பன்னிரண்டு கை வேண்டும். பன்னிரண்டு வந்துவிடும் என்று முந்தின நாளே எண்ணி வைத்திருந்தேன். வெளியே வேன் ஓட்டுநர் இன்ஜினை நிறுத்தாமல் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சத்தம் கூட்டம் முடியும்வரை ஷெட்டின் தகரத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது.

லோகநாதன் முதலில் எழுந்தார். "நா இதுக்கு ஓட்டுப் போடறேனுங்க. என்ற புளி கருகுனது யாருக்கும் தெரியல. பெரிய அமைப்பா இருந்திருந்தா கேக்க நாதி இருந்திருக்கும்."

சங்ககிரியில் லாரிக்கு பாடி கட்டும் பழனிசாமி உட்கார்ந்தபடியே கேட்டார். "ஊட்டில இப்ப என்ன குளிருங்க?"

"இப்போ பரவாயில்ல. டிசம்பர், ஜனவரியில உறைபனி வரும்" என்றார் விஸ்வநாத்.

"அப்ப நம்ம புளிக்கும் வேம்புக்கும் ஸ்வெட்டர் போடுவீங்களா?"

சிரிப்பு எழுந்தது. விஸ்வநாத்தும் சிரித்தார். "கண்ணாடிக் கூடம் கட்டியிருக்கோம், சார். வெப்பம், ஈரம் எல்லாம் மெஷின் பார்த்துக்கும். பயிற்சி எடுத்த நாலு பேர் இருக்காங்க." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "நான் ஒண்ணு கேக்கறேன். யாரும் தப்பா எடுத்துக்க வேண்டாம். அம்மாவுக்கு முழங்கால் தேஞ்சிருக்கு. மாடிக்கு இருபத்திரண்டு படி. நான் எண்ணினேன். பையன் சத்தீஸ்கர்ல ரிக் ஓட்டறார், வருஷத்துக்கு ஒருதடவை வர்றார். இந்த மரங்களுக்கு ஒருநாள் தண்ணி இல்லன்னா இலை உதிரும். ரெண்டாவது நாள் மரமே போயிடும். அம்மாவால முடியாமப் போற அன்னிக்கு இங்க யார் இருப்பாங்க?"

எல்லோரும் தரையின் எண்ணெய்க் கறையைப் பார்த்தார்கள். பழனிசாமிகூட. அது நியாயமான கேள்வி. இன்றும் சொல்கிறேன், அவ்வளவு நியாயமான கேள்வியை அந்தக் கழகத்தில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

"தவிர, இது நாங்க கேட்டு வாங்கறது இல்ல. அவரோட ஆசை." விஸ்வநாத் குறிப்பேட்டைத் திறந்து நிதானமாக வாசித்தார். "'திரு. அர்த்தநாரி அவர்கள், மரங்கள் இனிக் கழகத்தின் பெயரில் இருக்கும் என்றும், தமக்குப் பின் அவை யாவும் ஊட்டிக்குச் சேர வேண்டும் என்றும் தெரிவித்தார்.' கீழே தலைவர் கையெழுத்து."

வாசற்பக்கம் பாத்திரம் ஒன்று தரையில் உட்கார்ந்த ஓசை கேட்டது. பாவாயி அம்மாள் தேநீர்க் கேனைக் கீழே வைத்திருந்தார்.

"சேர்றதா? கண்காட்சிக்குன்னு இல்லீங்களா சொன்னீங்க?"

நான் அப்படிச் சொல்லவில்லை. அவர் அப்படி நினைத்துக்கொண்டிருந்தபோது மறுக்கவில்லை. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு என்று பணிக்காலத்தில் பல கோப்புகளில் எழுதியிருக்கிறேன்.

"அவரு எதுக்குங்க ஊட்டிக்குன்னு சொல்றாரு? கல்யாணமான புதுசுல ஒருக்கா கூட்டிட்டுப் போயி, காது அடச்சுக்கிச்சுன்னு பாதி மலையிலயே பஸ்ஸ உட்டு எறங்குன ஆளுங்க அவரு. அன்னைக்கு நானும் இங்கதான் டீ ஊத்திட்டு நின்னேன். மரமெல்லாம் ஊ…"

"அம்மா," என்றேன். "உறுப்பினர் அல்லாதவர் கூட்டத்தில் பேச இயலாது."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்த வேண்டியதே இல்லை. அந்த வாக்கியத்துக்கு அப்படி ஒரு வலு உண்டு. அவர் பாதிச் சொல்லோடு வாயை மூடிக்கொண்டார். பதினைந்து பேர் என்னைப் பார்த்தார்கள். பழனிசாமி தன் நாற்காலியை ஓசையெழ அரை அடி பின்னுக்கு இழுத்தார்.

சிவப்பு மை

எங்கள் இணைச்செயலாளர் ஜெயந்தி டீச்சர். கெங்கவல்லியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். கூட்டத்தில் பேசுவதை அப்படியே ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொள்வார். அது கச்சாக் குறிப்பு. அதை நான் திருத்திக் கொடுப்பேன். பிறகுதான் குறிப்பேட்டில் ஏறும். எழுபது தாண்டிய பின்னும் என் சட்டைப்பையில் ஒரு சிவப்புப் பேனா இருப்பதன் காரணம் அதுதான்.

டீச்சர் தன் பையிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்தார். பக்கங்களைப் புரட்டினார். எழுந்து வந்து, என் முன்னால் விரித்து வைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினார். தேர்வு அறையில் பிட்டுடன் பிடித்த மாணவனிடம் அந்தக் காகிதத்தையே நீட்டுவது போலிருந்தது.

அவருடைய உருண்டையான நீலக் கையெழுத்து. 'தமக்குப் பின் மரங்கள் யாவும் ஊட்டுக்குச் சேர வேண்டும்.'

'டு'வின் மேல் ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் என் கையெழுத்தில், சற்றுப் பெருமையாகவே, 'டி'.

எனக்குச் சொந்த ஊர் மாயவரம் பக்கம். இந்த ஊர்களுக்கு வந்து நாற்பது ஆண்டு ஆகிறது. 'ஊட்டுக்கு வாங்க', 'ஊட்ல இல்லீங்க', 'எங்கூட்டுக்காரர்' என்று ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது கேட்கிறேன். வீடு என்று விளங்காமல் ஒருதடவையும் திகைத்ததில்லை. ஆனால் அதே சொல் தாளில் வந்து உட்கார்ந்ததும் பிழையாகத் தெரிந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் அதற்கு முந்திய பொருள் ஊட்டி மலர்க் கண்காட்சிக்கு மரம் அனுப்புவது பற்றியது. டீச்சர் அவசரத்தில் ஒரு சுழியைத் தவறாகப் போட்டுவிட்டார் என்று திருத்தினேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். திருத்துகிறவன் கேட்பதில்லை.

அடுத்த கூட்டத்தில் குறிப்பு வாசிக்கப்பட வேண்டும். அர்த்தநாரி அப்போது மருத்துவமனையில். மற்றவர்களுக்குச் சாப்பாட்டு நேரம். 'வாசித்ததாகக் கொள்ளப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மற்ற சங்கங்கள் அப்படி எழுதிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பியவன்.

விஸ்வநாத் எழுந்து வந்து என் தோளுக்கு மேலாக நோட்டைப் பார்த்தார். அவர் கூர்மையானவர், உடனே விளங்கிவிட்டது. என் காதருகில் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சார், உங்களுக்குத் தெரியாதது இல்ல. கச்சாக் குறிப்பு சட்டப்படி செல்லுமா?"

செல்லாது. முப்பது ஆண்டுகளாக நான் சொல்லி வந்த பதில் அது. உறுதிசெய்யப்பட்ட குறிப்பேடுதான் சான்று. நோட்டை மூடி டீச்சரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'வாக்கெடுப்புக்குச் செல்லலாம்' என்று சொன்னால் போதும். பன்னிரண்டு கை உயரும். பதினைந்து நிமிடத்தில் ஓட்டுநர் மாடிப்படி ஏறுவார். எவரும் எந்த நீதிமன்றத்திலும் என்னை ஒரு சொல் கேட்க முடியாது. இரண்டு வரி முகவரி அட்டையும் அச்சுக்குப் போகும்.

நான் தலையை உயர்த்தினேன். வாசலில் பாவாயி அம்மாள் தேநீர் ஊற்றாமல் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"செல்லாது," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஆனால் அதைத் திருத்தியவன் உயிரோடு இருக்கிறான். அவன் சாட்சி செல்லும்."

நோட்டைத் தூக்கிக் காட்டினேன். எந்த எழுத்து, எந்த மை, யார் கை, ஏன் என்று சொன்னேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். என் வாழ்க்கையில் முன்தயாரிப்பு இல்லாமல் பேசிய உரை அது ஒன்றுதான். இலக்கணம் அவ்வளவு சரியில்லை என்று டீச்சர் பிற்பாடு சொன்னார்.

முடித்ததும் நோட்டை டீச்சரிடம் நீட்டினேன். பிறகு பழனிசாமி, "ஏனுங்க பதிவாளரய்யா," என்றார். "நாப்பது வருசமா எங்க ஊட்டுச் சோத்தத் தின்னுபோட்டு, ஊடுன்னா என்னன்னு இன்னைக்குத்தான் வெளங்குச்சுங்களா?"

அதற்கு எவரும் சிரிக்கவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

வேன் திரும்பியது

குறிப்பில் பிழை இருந்தால் அதைத் திருத்தும் அதிகாரம் கூட்டத்துக்கு உண்டு. அன்று இருந்தவர்கள் சொல்லவேண்டும். ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒன்பது பேர், அர்த்தநாரி 'ஊட்டுக்குத்தான்' என்று சொன்னது இப்போது நினைவுக்கு வருகிறது என்றார்கள். லோகநாதன் நெற்றியைத் தடவிக்கொண்டார். இணைப்பு வேண்டும் என்பவர் அவர். தேசியக் கண்காட்சியில் தம் புளி நிற்கவேண்டும் என்பது அவர் கனவு.

"சொன்னாருங்க," என்றார் கடைசியில். "அப்பறம் என்னயப் பாத்து, 'பாவாயி இல்லாட்டி இதெல்லாம் வெறகுதான் லோகு'ன்னும் சொன்னாரு."

திருத்தத்துக்கு எல்லோரும் கை தூக்கினார்கள். மரங்கள் வீட்டுக்கு, அதாவது பாவாயி அம்மாளுக்கு, என்றாயிற்று. அடுத்த பொருள், தேசிய அமைப்புடன் இணைவது. நான் நடைமுறை தவறாமல் அதை வாசிக்கத் தொடங்கினேன்.

விஸ்வநாத் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "இணைப்பை இப்போதைக்கு ஒத்தி வைக்கலாம், சார். தலைமையில ஒருதடவை பேசிட்டு எழுதறோம்."

"ஏனுங்க?" என்றார் பழனிசாமி. "மரம் இல்லீன்னா ஆளுக வேண்டாமுங்களா?"

விஸ்வநாத்தின் முகம் சிவந்தது. அவர் கெட்டவர் அல்லர். அந்தக் கேள்வியை அவரும் தம்மிடம் கேட்டுக்கொண்டதுபோலத்தான் தெரிந்தது. என்னிடம் கை கொடுத்துவிட்டு, சட்ட ஆலோசகர் பதவியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வண்டியில் ஏறினார். முப்பத்தொரு வெற்றுத் தட்டுகளோடு வேன் சங்ககிரிச் சாலையில் திரும்பியது. இன்ஜின் சத்தம் நின்ற பிறகுதான் என் காதில் அவ்வளவு நேரம் இரைச்சல் இருந்தது தெரிந்தது.

தேசிய அமைப்பு வேண்டுமா என்றால், சோதனைச்சாவடிக்கு இன்னும் வேண்டும்தான். லோகநாதனின் புளிக்கு வேண்டும். அதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் இந்த ஊர்ப் புளி எங்கே இருக்கவேண்டும் என்பதை அது முடிவுசெய்யுமானால், அந்த விதியை எழுத என்னைப்போல் ஒருவனைத்தான் கூப்பிடுவார்கள். அதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பத்து நாள்

தேநீர் வந்தது. எல்லோரும் இளகிச் சத்தமாகப் பேசினார்கள். பாவாயி அம்மாள் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எல்லாருக்கும் நல்ல மனசுங்க. ஒண்ணு கேக்கோணும். மெம்பர் இல்லாதவிங்க பேசலாமுங்களா, சார்?"

"பேசுங்கம்மா," என்றேன். அதைச் சொல்ல வேண்டியிருந்ததே என்று இருந்தது.

"திங்கக்கெழம எனக்கு ஈரோட்டுல மொழங்கால் ஆப்பரேசன். பத்து நாளைக்குப் படியேறப்படாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. கண்காட்சின்னு வண்டி வந்ததும், சரி, அந்தப் பத்து நாளுக்கு மரத்துக்குத் தண்ணி கெடச்சிரும்னு தெம்பா இருந்தேனுங்க." எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இப்ப யாரு ஊத்துவாங்க?"

விஸ்வநாத் கேட்ட அதே கேள்வி. அவர் போய்விட்டார், கேள்வி இங்கேயே இருந்தது.

சற்றுமுன் உயர்ந்த பதினாறு கைகளும் டம்ளர்களைப் பிடித்திருந்தன. பழனிசாமி பட்டறையில் ஐந்து பாடி நிற்பதாக முனகினார். லோகநாதன் தறிக்கு ஆள் இல்லை என்றார். கெங்கவல்லியிலிருந்து திருச்செங்கோடு வர மூன்று பேருந்து மாறவேண்டும் என்றார் டீச்சர். எல்லாம் உண்மையான காரணங்கள். அந்தப் பட்டியலில் சொல்ல ஒரு காரணமும் இல்லாதவன் நான் ஒருவன்தான்.

முதல் ஐந்து நாள் நான் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, அடுத்த ஐந்து நாளை லோகநாதன் எடுத்துக்கொண்டார். டீச்சர் அதையும் குறித்துக்கொண்டார். இந்தத் தடவை நான் பேனாவை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை முதல் பேருந்தில் சேலத்திலிருந்து கிளம்பினேன். பக்கத்து வீட்டில் சாவி வாங்கி, இருபத்திரண்டு படி ஏறினேன். முப்பத்தொரு மரங்களும் எனக்காகவே காத்திருந்து பார்ப்பதுபோலிருந்தது. என் பால்கனியில் இறந்துபோன மூன்றும் நினைவுக்கு வந்தன. குழாயைத் திருகி, எல்லாவற்றுக்கும் சமமாக ஊற்றிவிடுவது என்று முடிவுசெய்தேன். ஒன்றுக்கு அதிகம், ஒன்றுக்குக் குறைவு என்றால் அல்லவா புகார் வரும்.

கைப்பேசி ஒலித்தது.

"மாடிக்குப் போயிட்டீங்களா, சார்? இன்னும் உள்ள கூட்டிட்டுப் போகலீங்க, வராண்டாவுல படுக்க வெச்சிருக்காங்க. குழாயத் தொறந்துட்டீங்களா?"

"திறந்துவிட்டேன் அம்மா."

"மொதல்ல மூடுங்க."

மூடினேன்.

"மொதத் தொட்டில வெரல உடுங்க. பாதி வெரலு. ஈரம் இருக்குதுங்களா?"

கல்பொடிக்குள் விரலை விட்டேன். குளிர்ச்சியாக இருப்பது போலவும் இருந்தது. இல்லை போலவும் இருந்தது.

"தெரியவில்லை அம்மா."

மறுபக்கம் ஸ்ட்ரெச்சர் சக்கரம் உருளும் ஓசையும், யாரோ பெயர் கூப்பிடுவதும் கேட்டன. அவர் அவசரப்படவில்லை.

"பரவால்லீங்க. வெரல எடுக்காதீங்க. கொஞ்ச நேரம் அப்புடியே வெச்சிருங்க, அதுவே சொல்லும்."